ஏழாம் நம்பர் மலை

பூரணி கடைசிச் சேலையை அடித்து அலசிக்கொண்டிருந்தபோது தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரையின் ஜீப் தண்ணீர் விழும் பீலிக்கரையில் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் பலரும் தண்ணீருக்காக அங்கேதான் நின்றிருந்தார்கள். துரை லயத்துப் பக்கம் வந்தால் ஏதாவது குற்றம் கண்டுபிடிக்கத்தான் வருவார். எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். துரையோடு, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு முத்துலிங்கமும், வயதான இன்னொரு வெள்ளைக்காரரும் இறங்கினார்கள். அந்தக் கிழவர் யாரையும் பார்க்கவில்லை. பூரணி துணி துவைத்த கல்லைப் பார்த்தபடியே வந்து, சவர்க்கார நுரை வழிந்த ஈரத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். கல்லில் செதுக்கியிருந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

“கல்லறைக் கல்லுலயா துணி தொவைக்கிறீங்க?” என்று கண்டாக்கு அதட்டினார்.

“மண்ணு சரிஞ்சப்ப மேலேருந்து வந்து விழுந்த கல்லுங்கய்யா. எழுத்து இருக்குன்னு தெரியும். என்ன எழுத்துன்னு யாரும் வந்து சொல்லலியே” என்றாள் பூரணி.

கிழவர் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து நனைத்துக் கல்லைத் துடைத்தார். அவருடைய கைகளைப் பூரணி கவனித்தாள். துரைமார் கை மாதிரி இல்லை. தடித்து, வெடித்து, நகக்கண்ணில் மண் ஏறி இறுகிப்போன கை. பிறகு அவர் பேசினார். கண்டாக்கு அதைத் தமிழில் சொன்னார். அவர் அமெரிக்காக்காரர். சோளம் போடுகிற குடியானவர்களின் வம்சம். அவருடைய அப்பா, தாத்தா, அவருக்கும் முந்தியவர்கள் எல்லோரும் ஒரே நிலத்தை உழுது, அதே நிலத்தில் ஒரு மரத்தடியில் அடக்கமாகியிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் அங்கே இல்லை. தாத்தாவின் அண்ணன், ஐசக் என்று பெயர். பாகப்பிரிவினைச் சண்டையில் வீட்டை விட்டுப் போய்க் கப்பல் ஏறி, கடைசியில் இலங்கையின் இந்த மலைகளில் கோப்பி பயிரிட வந்து, காய்ச்சலில் செத்துப்போனார். அவரைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

“நேர்ல பார்த்திருக்காரா அவர?” என்று பூரணி கேட்டாள்.

கண்டாக்கு அதை மொழிபெயர்க்கத் தயங்கி, பிறகு கேட்டார். கிழவர் பூரணியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பார்த்ததே இல்லை. அவர் பிறக்கும் முன்பே அந்த மனிதர் போய்விட்டார்.

அன்று மாலை முழுதும் பூரணிக்கு அதே நினைப்பாக இருந்தது. அடுப்பில் ரொட்டி கருகியதுகூடத் தெரியவில்லை. முகம் தெரியாத ஒருவருக்காக ஒரு மனிதர் கடல் கடந்து வந்திருக்கிறார். அதை அவளால் பரிகாசம் செய்ய முடியவில்லை. அந்த ஆசை அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

ஐம்பத்தேழாம் வருஷத்து மார்கழி மழையில் ஏழாம் நம்பர் மலை சரிந்தபோது, அதன் அடியில் இருந்த பழைய லயத்தின் கோடியில், பூரணி குடியிருந்த ஒற்றையறைக் காம்பிராவை மண் மூடிவிட்டது. உள்ளே அவள் புருஷன் அழகனும் மகள் நாகலெட்சுமியும் இருந்தார்கள். தங்கச்சியின் பிரசவத்துக்காகப் பூரணி ராகலைக்குப் போயிருந்தாள். பஸ் இல்லாமல் சேற்றில் நடந்து அவள் வந்து சேர்ந்தபோது தோண்டுவதை நிறுத்தியிருந்தார்கள். இன்னும் தோண்டினால் மேலே நிற்பதும் சரியும், இருக்கிற உயிருக்கு ஆபத்து என்று துரை உத்தரவு போட்டிருந்தார். அவள் கத்தினாள், கும்பிட்டாள், ஆபீஸ் வாசலில் விழுந்து கிடந்தாள். மழை விட்டதும் தோண்டலாம் என்றார்கள். மழை விட்டது. அடுத்த வருஷம் அந்த மண்ணைத் தட்டிக் கொத்தித் தேயிலைக் கன்று நட்டார்கள். கன்றுகள் வேர்பிடித்துப் பரந்து, இப்போது பெண்கள் அங்கே கொழுந்து பறிக்கிறார்கள். பூரணியும் பறிக்கிறாள். சரியாமல் நின்றுவிட்ட பெரிய பாறைக்கு இடப்பக்கம் வரும்போதெல்லாம் அவள் செருப்பில்லாத காலைக்கூட மெதுவாகத்தான் வைப்பாள்.

மறுநாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் மம்பட்டிக்கார ஆட்களைத் துரை தனியாகப் பிரித்து நிறுத்தினார். அலவாங்குகள் ஸ்டோரிலிருந்து வந்தன. “ஏழாம் நம்பருக்கு” என்றார் கண்டாக்கு. கல் மேலேயிருந்து வந்தது என்றால் எலும்பும் சரிந்த மண்ணோடு அங்கேதான் வந்திருக்கும், தோண்டிப் பார்க்கச் சொல்லித் துரை உத்தரவு. அந்த ஆட்களில் அழகனின் தம்பி சின்னராசாவும் இருந்தான். அவன் பூரணி பக்கம் திரும்பவே இல்லை.

பக்கத்து மலையில் நிரை பிடித்து நின்ற பெண்களுக்கு எல்லாம் தெரிந்தது. பாறைக்குக் கீழே கயிறு கட்டினார்கள். முதல் தேயிலைச் செடியை அலவாங்கால் நெம்பினார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் பூரணி நிரையை விட்டு இறங்கினாள். கங்காணி கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. கூடை முதுகில் இருக்க, இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கு செடிகளில் உரச, நேராக வந்து கயிற்றுக்குள் நின்றாள்.

“என்ன கரைச்சல்? வேலைக்கு போ” என்றார் துரை.

“அன்னைக்கு இந்த மண்ணுல கை வச்சா மலை சரியும்னீங்க. இன்னைக்குச் சரியாதா?”

துரை கண்டாக்கைப் பார்த்தார். கிழவரும் ஏதோ கேட்டார். கண்டாக்கு சுருக்கமாக ஒரு பதில் சொன்னார். கிழவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அனுதாபமாகச் சிரிக்கக்கூடச் செய்தார். தான் சொன்னது போய்ச் சேரவில்லை என்று பூரணிக்குத் தெரிந்துவிட்டது.

“என்ன சொன்னீங்கய்யா அவருகிட்ட?”

“உனக்குப் புத்தி சரியில்லன்னு சொன்னேன். உன் நல்லதுக்குத்தான் சொன்னேன், போம்மா.”

“நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. கண்ணால பார்க்காத ஒருத்தருக்காக அவரு கடல் தாண்டி வந்திருக்காரு. அது ஞாயந்தான். நான் பெத்த புள்ள இங்க கெடக்கு. அது மேல நின்னுதான் நான் கொழுந்து எடுக்கிறேன். தோண்டுறதா இருந்தா எம்புள்ளயத்தான் மொதல்ல தோண்டணும். அதுக்கப்புறம் அவரோட ஆளத் தேடட்டும்.”

கண்டாக்கு முத்துலிங்கமும் மண் சரிந்த அன்று மழையில் நின்றவர்தான். அவர் துரையின் முகத்தைப் பார்க்காமல், தணிந்த குரலில் இங்கிலீசில் சொல்லத் தொடங்கினார். இந்த முறை நிறையச் சொன்னார். கிழவர் தொப்பியைக் கழற்றினார். கயிற்றுக்கு உள்ளே வைத்திருந்த காலைச் சட்டென்று வெளியே எடுத்தார். அவருக்கும் துரைக்கும் பேச்சு நடந்தது. துரையின் காதுகள் சிவந்தன.

“அவரு வேணாம்னுட்டாரு” என்றார் கண்டாக்கு, சற்று நிம்மதியாக. “இப்படித் தெரிஞ்சிருந்தா கேட்டே இருக்க மாட்டாராம். யாரையும் தோண்ட வேணாம். துரையும் சரின்னுட்டாரு. எல்லாரும் அவங்கவங்க வேலைக்குப் போங்க.”

ஆட்கள் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். மேலே நின்று பார்த்த பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். எல்லோருக்கும் அதுவே நல்ல முடிவாகப் பட்டது.

பூரணி கூடையை இறக்கி வைத்தாள்.

“அவருக்கு வேணாம்னா அவரு போகட்டும்யா. எனக்கு வேணாம்னு நான் சொல்லலியே.”

சின்னராசாவின் கையிலிருந்த மம்பட்டியைப் பிடித்தாள். அவன் விடவில்லை. “மதினி, வேலையிலருந்து பேரை வெட்டிருவாங்க. காம்பிராவையும் காலி பண்ணச் சொல்லுவாங்க. இந்தியாவுக்கு ஏத்தி விட்ருவாங்க. அங்க நமக்கு யாரு இருக்கா?”

“அங்க யாரும் இல்ல. இங்கதான் இருக்காங்க. விடு தம்பி.”

அவன் விட்டான்.

பாறைக்கு இடப்பக்கம் அவள் முதல் வெட்டு வெட்டினாள். தேயிலைச் செடியை வேரோடு பிடுங்குவது தோட்டத்தில் திருட்டைவிடப் பெரிய குற்றம். துரை அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். வேலை இல்லை என்றார், போலீஸ் என்றார். அவள் இரண்டாவது செடியின் தூரைச் சுற்றி வெட்டினாள். துரை ஜீப்பை நோக்கி இறங்கிப் போனார். கிழவரைக் கூப்பிட்டார். அவர் போகவில்லை; துரையின் ஜீப் மட்டும் ரோட்டில் இறங்கி மறைந்தது. பூரணி பிடுங்கிப் போட்ட செடியைக் கிழவர் தூக்கி, வேர் மண் உதிராமல் நிழலில் கொண்டுபோய் வைத்தார். அவள் கழற்றி வைத்த படங்கை நனைத்து அதன்மேல் போர்த்தினார். அடுத்த செடிக்காக வந்து காத்து நின்றார். கொழுந்து விட்டிருக்கும் செடியை அப்படிப் போட்டுவைக்க அவரால் முடியவில்லை போலிருந்தது. அவள் அவரைத் தடுக்கவில்லை. நன்றி சொல்லவுமில்லை.

வெயில் ஏறியபோது சின்னராசா சட்டையைக் கழற்றிவிட்டு இன்னொரு மம்பட்டியோடு வந்தான். பிறகு மம்பட்டிக்கார ஆட்களில் மூத்தவரான சோலைமலை வந்தார். பெண்கள் நிரையை விட்டு இறங்கி வந்து கூடையில் மண் சுமந்தார்கள். கங்காணி கத்திக் கத்தி ஓய்ந்து ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

குழி மார்பளவு ஆழமானபோது சின்னராசாவின் மம்பட்டி எதிலோ மோதி நின்றது. மண்ணை ஒதுக்கினான். செம்மண்ணுக்குள் வெள்ளையாக ஒரு சுவர் தெரிந்தது. தீபாவளிக்கு அடித்த சுண்ணாம்பு அப்படியே இருந்தது. பூரணி குனிந்து அதைத் தடவிக்கொண்டே நகர்ந்தாள். ஓரிடத்தில் வெள்ளை மறைந்து, அடுப்புப் புகை படிந்த கறுப்பு வந்தது. அவள் விரல்கள் அங்கே நின்றன. அடுப்பு இந்தப் பக்கம் என்றால் அவர்கள் படுக்கிற இடம் எது என்று அவளுக்குத் தெரியும்.

கீழே ரோட்டில் ஜீப் வரும் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, அதன் பின்னால் இன்னொன்றும். குழிக்கு மேலே நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் இடத்தை விட்டு அசையவில்லை. பூரணி மம்பட்டியைச் சின்னராசாவிடம் கொடுத்தாள். சுவரோரமாகத் திரும்பி மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் மண்ணை மெல்ல மெல்ல அள்ளத் தொடங்கினாள்.