முகமூடிக்கு ஒரு போஸ்

எனக்கு வந்தது தோல் புற்றுநோய். வலது கண்ணுக்கு ஒரு விரல் கீழே, கன்னத்தில். கதிர் சிகிச்சையில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதும் நம்பிவிட்டேன். பயம் ஒன்றே ஒன்றுதான்: கதிர் கொஞ்சம் தள்ளிப் பாய்ந்தால் கண் போய்விடும். நானோ ஸ்டுடியோ வைத்துப் புகைப்படம் எடுப்பவள். கண் போனால் பிழைப்பில் மண்தான்.

"அதுக்குத்தான் இந்த முகமூடி," என்றாள் சிகிச்சை கொடுக்கும் டெக்னீஷியன் பெண். வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை என் முகத்தில் போட்டு அழுத்தினாள். ஆறினால் இறுகி, தலையை அசையவிடாதாம்.

சிகிச்சையின் முதல் நாள் அதை மாட்டி, மேசையோடு பூட்டி, எக்ஸ்ரே எடுத்தாள். மறுபடியும் எடுத்தாள். பிறகு வந்து கழற்றினாள்.

"பொருந்தலையே அக்கா. சதை போட்டுட்டீங்களா?"

"இதுக்கு மேலயா? என் வீட்டுக்காரர் கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பார்."

அப்போதுதான் உறைத்தது. அடக் கடவுளே! அச்சு எடுத்த அன்று அவள் என் முகத்துக்கு நேரே குனிந்ததும், வாடிக்கையாளர்களிடம் நாள் பூராவும் கத்துவதை நானே செய்திருக்கிறேன். தாடையைத் தூக்கி, கன்னத்தை உள்ளே இழுத்து, லேசாக ஒரு சிரிப்பு வேறு.

"போஸ் குடுத்துட்டேன்மா!"

அவள் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள்.

"அதனால என்ன? தினமும் அதே மாதிரி பிடிச்சுக்கறேன்."

"பத்து நிமிஷம் பிடிப்பீங்களா?"

"மணிக்கணக்கா பிடிப்பேன்."

பிடித்துக் காட்டினேன். ஒரு நிமிஷத்திலேயே கன்னம் வெடவெடவென்று துடித்தது. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. கண்ணுக்குப் பக்கத்திலா வீம்பு?

"தூக்கிப் போடு. புதுசு செய்."

புதுசு என்றால் மறுபடி ஸ்கேன், மறுபடி கதிர் பாயும் இடத்துக்குத் திட்டம், இன்னொரு வாரம் காத்திருப்பு. வீட்டுக்காரர் யோசனை சொன்னார்: "இந்தத் தடவை மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுப் படு. வீட்ல என்னைப் பாக்குற மாதிரி."

அப்படியே படுத்தேன். இரட்டைத் தாடையோடு வலை இறுகியது. எக்ஸ்ரே ஸ்கேனோடு அச்சாகப் பொருந்தியது.

கன்னம் சிவந்து, உரிந்து, ஆறியது. சிகிச்சை முடிந்த பிறகு நடந்த பரிசோதனையில் டாக்டர் என் இடது கண்ணைப் பொத்தினார். கதவோரம் நின்ற வீட்டுக்காரர் மூச்சு விடவில்லை.

"என்ன தெரியுது?"

"உங்க சட்டையில ரெண்டாவது பட்டன் ஒத்தை நூல்ல தொங்குது டாக்டர். பக்கத்துல டீக்கறை."

டாக்டர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக் குழந்தை மாதிரி தேம்பினார். அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததே இல்லை. இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.