ஆவுடைத்தாயின் வண்டியில் ஒரு 'டொக்'

1

இந்தக் கதை எனக்கு ஓசிப் பயணத்தில் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏதோ ஆழ்ந்த யோசனையில் கண்டெடுத்ததாக நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள், நானும் மறுக்காமல் இருந்துவிடுவேன். மழை நாள் ஒன்றில் ஆட்டோ கிடைக்காமல் கரமனையில் நனைந்துகொண்டிருந்த என்னை, எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஆவுடைத்தாய் தன் காரில் ஏற்றித் தம்பானூரில் இறக்கிவிட்டாள். கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் அவளுக்கு வேலை. கார் பதினைந்து வயதைத் தாண்டியது. (எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்ல மாட்டேன். அதன் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.)

கிள்ளிப்பாலம் பக்கம் ஒரு குழியில் இறங்கி ஏறியதும் அவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கினாள்.

"இந்தக் குழில டெய்லி டொக்குன்னு ஒரு சத்தம் கேக்கும் அண்ணாச்சி. முன்னால, இடது சக்கரத்துப் பக்கம். இன்னைக்குப் பாருங்க, வாய மூடிட்டு இருக்கு."

நான் தலையாட்டினேன். எழுதுகிறவனின் தலையாட்டல் அது. மனதுக்குள் அவளை அப்போதே கதாபாத்திரம் ஆக்கிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "எல்லா வீடுகளிலும் ஒருவருக்கு மட்டுமே கேட்கும் ஒரு சத்தம் உண்டு. ஆவுடைத்தாய்க்கு அது..." (நிறுத்திவிட்டேன். வாசிக்க எனக்கே கூசியது.)

இரண்டாவது தொடக்கம்: "கோமதிநாயகம் கெட்டவர் அல்ல, ஆனால்" (இதற்கு மேல் வரவில்லை. அவள் கணவர் உண்மையிலேயே கெட்டவர் அல்ல. சிக்கலே அங்கேதான்.)

சரி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சத்தத்தைப் பற்றிக் கணவரிடம் முதலில் சொன்னது ஆவுடைத்தாய்தான். அவள் ஓட்ட, அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நகரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஏளா, சத்தம் உண்டுன்னா வண்டி ஆபத்து. இல்லன்னா ஒனக்கு ஓட்ட வரல. எப்பிடிப் பாத்தாலும் குடுத்துர வேண்டியதுதான்."

வித்துராவிலிருந்து மகேஷ்குமார் என்பவர் ஞாயிற்றுக்கிழமை வந்து காரை விலைக்குப் பார்ப்பதாகவும் ஏற்பாடு ஆகிவிட்டது. அவள் அதன்பின் ஆபீஸ் வேனில் போய் வரலாம்.

வேன் நல்ல வேன்தான், ஏசி உண்டு. ஆனால் நாற்பதைத் தாண்டிய பிறகு, டிரைவிங் டெஸ்டில் ஒரு தடவை கம்பியைச் சாய்த்து, மறுபடி போய் வாங்கிய லைசன்ஸ் அது. காலையில் பேட்டை தாண்டி, சாக்கை தாண்டி, நெரிசலில் நீந்திப் போகிற அந்த நேரத்தில் அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. குழம்புக்கு என்ன என்று கேட்பதில்லை, சாவி எங்கே என்று கேட்பதில்லை. பாட்டுக் கூட வைக்க மாட்டாள். அந்த நேரத்தை, தானே வாய் திறந்து சொன்ன ஒரு சத்தம் பறித்துக்கொள்ளப் போகிறது என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. சும்மா இருந்திருக்கலாமே என்று தன் மேலேயே கோபம் கோபமாக வந்தது.

3

தேடல். (இந்தப் பகுதியை மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன்; ஸ்பானர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது.)

டிக்கியில் இருந்த ஜாக்கி, குடை, உதிரிச் சக்கரம் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தாள். டொக். கதவுப் பையில் கிடந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள். டொக். டாஷ்போர்டில் இருந்த பிள்ளையாரைக் கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கைப்பைக்குள் வைத்துப் பார்த்தாள். டொக்.

பாப்பனங்கோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சுஜின் மார்த்தாண்டத்துக்காரர், கைராசிக்காரர். அவர் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதே குழிகளில் அதே வேகத்தில் போனார்கள். கார் பூனை மாதிரி போயிற்று. இடது சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, பிடித்து உலுக்கியும் பார்த்தார்.

"அக்கா, ஒரு சத்தமும் இல்ல கேட்டியளா. வண்டி நல்லாத்தான் கெடக்கு. நீங்க ஒண்ணும் பேடிக்காண்டாம்."

பயப்பட வேண்டாம் என்று அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அழுகை வந்தது.

4

இந்த இடத்தில் நானும் அவளைச் சந்தேகித்தேன். சத்தம் வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்தம் இல்லாவிட்டால் கதை இன்னும் உயர்ந்ததாக இருக்கும் என்று தோன்றியது. ஒரு முடிவையும் எழுதி வைத்தேன்: 'காது டாக்டர் கருவியைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கனிவோடு பார்த்தார்.'

சனிக்கிழமை காலை அவள் சுஜினிடம் கடைசித் தடவையாகப் போகக் கிளம்பியபோது, கதைக்குத் தகவல் சேகரிக்க நானும் ஏறிக்கொண்டேன். போகிற வழியில், தெரியாத்தனமாக, அந்த வரியை அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன்.

"காதுக்குக் கேடுன்னு எழுதிட்டீங்களா? நல்லாருக்கு, கொள்ளாம்! எங்க இருந்து எழுதுனீங்க இத?"

"எங்க இருந்துன்னா... உங்க கூடவே வந்துதானே எழுதறேன்? அன்னைக்கும் இதே சீட்டுல இருந்து கேட்டேனே. ஒண்ணும் கேக்கலியே."

அவள் காரை ஓரங்கட்டினாள். என்னைப் பார்த்தாள், சரியாகச் சொன்னால், நான் உட்கார்ந்திருந்த இருக்கையைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரங்களும் இதுலதான் இருந்தாங்க. சுஜின் ஓட்டும்போ நான் இதுல இருந்தேன். கேக்க வந்தவங்க எல்லாரும் கூட ஏறித்தானே வந்தீங்க! எறங்குங்க அண்ணாச்சி."

"இங்கயா? நடு ரோட்டுலயா?"

"சீரியஸாட்டுதான் சொல்லுதேன். எறங்குங்க."

ஒரு கதாபாத்திரம் தன் ஆசிரியனை வண்டியை விட்டு இறக்கிவிட்டுப் போவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன், பாப்பனங்கோடு டிப்போ பக்கத்தில், வெயிலில் நின்றுகொண்டு. கார் சற்றுத் தள்ளி இருந்த ஒரு குழியில் இறங்கி ஏறிப் போய், வளைந்து, திரும்பி வந்தது. கண்ணாடியை இறக்கும்போதே அவள் முகம் பூத்திருந்தது.

"அடிக்கி! இனி ஏறுங்க."

ஏறினேன். அதே குழி. கப்சிப். மறுபடி இறக்கிவிட்டாள். மறுபடி அடித்ததாம். இப்படியே இரண்டு மூன்று தடவை. எதிர்க் கடையில் சாயா குடித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

(அவளுக்கு அருகிலேயே இருந்து எழுதுவது என்பது என் முடிவு. அந்த முடிவுதான் சத்தத்தை அமுக்கிக்கொண்டிருந்தது. என் எடையோடு சேர்த்துச் சொல்கிறேன்.)

5

சுஜினுக்குத் தனியாக ஓட்டிப் பார்க்க மனம் இல்லை.

"ஒத்தைக்கா? ஓனர் இல்லாம நான் வண்டி எடுக்கதில்லக்கா. எங்கயாச்சும் ஒரசிச்சுன்னா பொறவு எனக்கத் தலையில வரும்."

"ஒரசினா ஒரசட்டும். என் வண்டி, நான்தானே சொல்லுதேன்? போயிட்டு வாங்க."

போனார். அவள் ஒர்க்‌ஷாப் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கார் திரும்பி வந்தபோது, அவர் எஞ்சினை அணைக்கக்கூட மறந்து கீழே குதித்தார்.

"எக்கா! டொக்கு டொக்குன்னு அடிக்கு! இம்புட்டு நாளா எனக்க காதுல என்ன இருந்துதோ!"

"ஒங்க காதுக்கு ஒண்ணும் இல்ல. பக்கத்துல நான் இருந்தேன், அவ்வளவுதான்" என்றாள் ஆவுடைத்தாய். அவள் சிரித்ததில் பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஜாக்கி வைக்காமல், நாலு சக்கரமும் தரையில் நிற்கும்படி வண்டியை ஒர்க்‌ஷாப் பள்ளத்தின் மேல் நிறுத்திக் கீழே இறங்கிப் பிடித்ததும் அகப்பட்டது: இடது முன்பக்க லிங்க் ராடு.* புதியதை மாட்டினார். பழையதை, வழக்கப்படி, அவள் கையில் கொடுத்தார்.

* அடிக்குறிப்பு மாதிரி: சக்கரத்தையும் குறுக்குக் கம்பியையும் இணைக்கும் சின்னக் கோல் அது. அதன் முனையில் இருந்த குண்டு தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. இடது பக்கம் ஆள் ஏறினால் அழுத்தத்தில் இறுகிவிடும். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கினாலும் இறுகிவிடும். சுஜின் சொன்னது இது. தவறிருந்தால் நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

6

இப்போது முடிவு. 'கோமதிநாயகம் கண் கலங்கி மன்னிப்புக் கேட்டார்' என்று ஒன்று எழுதினேன். (அடித்துவிட்டேன். அவருக்குக் கண் கலங்கும் பழக்கம் இல்லை.) 'எல்லாம் சரியான பிறகும் கார் விற்கப்பட்டது' என்று ஒன்று. இலக்கியப் பத்திரிகைக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை, அதற்கு நான் என்ன செய்ய?

ஞாயிறு காலை மகேஷ்குமார் வந்தார். தனியாகவே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "நல்ல வண்டியாணல்லோ! பின்னே எந்தினா சேட்டா கொடுக்குந்நது?" என்று, நல்ல வண்டியை ஏன் விற்கிறீர்கள் என மலையாளத்தில் கேட்டார்.

கோமதிநாயகம் மனைவியைப் பார்த்து முகம் மலர்ந்தார். "பாத்தியா? சத்தமே இல்ல. நான் அன்னைக்கே சொன்னேம்லா?"

ஆவுடைத்தாய் உள்ளே போய்ப் பழைய லிங்க் ராடை எடுத்து வந்தாள். கிரீஸ் சேலையில் படுவதைப் பற்றிக் கவலைப்படாமல், அதைக் கணவரின் காதருகே பிடித்து ஆட்டினாள்.

டொக். டொக்.

"கேட்டுதா?"

அவர் கேட்டார். மகேஷ்குமாரும் கேட்டார். வாசலில் செய்தித்தாள் வாங்க வந்தவன் போல நின்றிருந்த எனக்கும் முதல் தடவையாகக் கேட்டது.

"இது இருந்துது. நான்தான் கேட்டேன். நான்தான் கண்டுபிடிச்சேன். வண்டி விக்கதுக்கில்ல" என்றாள் ஆவுடைத்தாய். மகேஷ்குமாரிடம் கையை நீட்டினாள். அவர் மரியாதையாகச் சாவியைக் கொடுத்தார்.

கோமதிநாயகம் வாயைத் திறந்தார். அவர் சொன்னது:

"..................................."

இந்த இடத்தை உங்களுக்கே விட்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு கணவரை நினைத்துக்கொண்டு நிரப்பிக்கொள்ளுங்கள், பொருந்தும். ஆனால் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். ஏனென்றால் அதற்குள் ஆவுடைத்தாய் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.