காதுக்கு எட்டாத தூரம்

கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டத் துணி கேட்டார்கள். தனேஸ்வரன் சமையலறையைத் தாண்டி வீட்டின் பின்பக்கம் போனான். பழைய துணி வாளியிலிருந்து ஒரு வேட்டியை எடுத்து, கரையைப் பல்லால் கடித்துக் கிழித்தான். நிமிர்ந்தபோது தலையில் ஏதோ இடித்தது. கூரைக் கம்பியில் தொங்கும் இரும்புக் கொக்கி. அது ஆடிக்கொண்டிருந்தது. அதில் கூண்டு இல்லை.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு கொக்கியையே பார்த்தான்.

நேற்று விடியுமுன் அவன் மனைவி கலாதேவி கூண்டைத் துணியால் மூடி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாள். பழைய ஈயச் சுரங்கக் குளங்களின் பக்கம் எங்கோ அதை வைத்துவிட்டு, பசியாற ஏதாவது வாங்கப் பெரிய சாலைக்கு வந்தாள். முச்சந்தியில் லாரி. போலீஸ்காரர் அவனிடம் கொடுத்த பொருள்களில் தலைக்கவசம் இருந்தது, கைப்பேசி இருந்தது, இரண்டு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் இருந்தன. நேற்று முழுவதும் பிணவறை வாசலில் நின்றபோது கூண்டு அவன் நினைவுக்கு வரவே இல்லை.

கூண்டில் இருந்தது ஒரு கானாங்கோழி. இங்கே ருவாக் என்பார்கள். கறுத்த முதுகு, வெள்ளை நெஞ்சு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரல். கலா அதைக் குஞ்சிலிருந்து வளர்த்தாள். தவுக்கே என்று பெயர் வைத்தாள். முதலாளி. குளக்கரைப் புல்லில் கூண்டை வைத்துச் சுற்றிலும் கண்ணி நட்டுவிட்டால் தவுக்கே கத்தத் தொடங்கும். தன் எல்லைக்குள் வந்து கத்துகிறவன் எவன் என்று காட்டு ருவாக் சண்டைக்கு ஓடிவரும். கண்ணியில் கால் மாட்டும். இப்படிப் பழக்கிய பறவையை வேட்டைக்காரர்கள் டெனாக் என்பார்கள்.

அவள் ஈப்போவில் பல் கிளினிக்கில் வேலை பார்த்தாள். வேட்டை லைசன்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, விடுமுறை நாள் தவறாமல் குளத்துக்குப் போனாள். அவன் பாலிடெக்னிக்கில் கணக்குப் பாடம் எடுப்பவன். ஒரு நாளும் கூடப் போனதில்லை. எந்த இடம் என்று ஒரே ஒரு முறை கேட்டான்.

“புருஷன்கிட்டகூட சொல்லக்கூடாதுலா. நீங்க காப்பிக் கடையில ஒளறிடுவீங்க” என்று சிரித்தாள்.

கூண்டுக்குள் ஒரு தகரக் குவளை இருக்கும். ஒரு காலைப் பொழுதுக்கான தண்ணீர்தான் அதில் பிடிக்கும். நேற்று நல்ல வெயில். இன்றும் வெயில்.

“மாப்ள, துணி” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கொண்டுபோய்க் கொடுத்தான். யாரோ குனிந்து கட்டினார்கள். அவளுடைய நகக்கண்களில் கருப்பாகச் சேறு இருந்தது. மருத்துவமனையில் கழுவியும் போகவில்லை.

மாமியார் மங்களம் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவன் அருகே குத்துக்காலிட்டான்.

“அத்தை, தவுக்கே கொளத்துலயே இருக்கு.”

மங்களம் அழுகையை நிறுத்தி அவனைப் பார்த்தாள். “இருக்கட்டும்.”

“தண்ணி இல்லாம...”

“எம்மவள கொண்டுபோனதே அந்தக் கோழிதான். காஞ்சு சாவட்டும். இந்த வாசப்படிக்கு அது வரக்கூடாது.”

அவன் எழுந்து வெளியே வந்தான். கூடாரத்தின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலிகள். மேளக்காரர்கள் இன்னும் தொடங்கவில்லை. அவனைக் கவனிக்காமல் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்: “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப்பா வேட்ட? மார்க்கெட்டுல கோழி இல்லியா?”

“அவ கறிக்கா போனா? புடிச்சதுல பாதிய அவுத்து விட்டுருவா” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

தனேஸ் மோட்டார் சாவியைத் தேடிச் சட்டைப் பையைத் தொட்டான். கலாவின் தம்பி ரூபன் பார்த்துவிட்டான்.

“எங்க போறீங்க மச்சான்? பண்டாரம் வந்துட்டாரு.”

“கொளத்துக்கு.”

“எந்தக் கொளத்துக்கு?”

பத்து காஜா ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் குளம்தான். ஒவ்வொன்றின் கரையிலும் ஆளுயரப் புல். ரூபன் அவன் கையிலிருந்து சாவியை மெதுவாக வாங்கிக்கொண்டான்.

அப்போதுதான் கேட் ஓரமாக உட்கார்ந்திருந்த மத்தியாஸை அவன் கண்டான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், அவரும் ருவாக் பிடிப்பவர். கழுத்தில் சிலுவை, ஐம்பது தாண்டிய உடம்பு. எல்லாருக்கும் முன்னால் வந்து, யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வலது கால் மட்டும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது கலாவிடமிருந்து அவன் அதிகம் கேட்ட பெயர் அது. இன்னிக்கி மத்தியாஸ் அண்ணன் என்ன முந்திட்டாரு. இன்னிக்கி நான் முந்திட்டேன், மூஞ்சப் பாக்கணுமே. குளத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையின் முனையில் செம்பனை ஓலையில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் அந்தப் பாதை அன்றைக்கு முடிச்சுப் போட்டவருடையது. அவர் ஒருமுறை முந்தைய நாள் மாலையே முடிச்சுப் போட்டுவிட்டார் என்று ஒரு வாரம் திட்டினாள். ஆனால் முடிச்சைத் தாண்டி உள்ளே போகவில்லை. திரும்பி வந்து தூங்கினாள்.

தனேஸ் அவர் முன்னால் போய் நின்றான்.

“அண்ணே, கலாவோட எடம் எங்கன்னு தெரியுமா?”

அவர் நிமிரவில்லை. “அடுத்தவங்க எடம் எனக்கு எப்படித் தெரியும் தம்பி?”

“தவுக்கே அங்கயே இருக்கு. நேத்து வெடியக்காலையிலேந்து.”

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

“தெரியும்” என்றார். “நேத்து சாயங்காலம் வரைக்கும் கத்துச்சு. இருட்டப் போவுது, இந்தப் பொண்ணு இன்னும் கெளம்பலையான்னு நெனச்சேன். நாள் பூரா நம்மள ஒக்கார விடமாட்டேங்குறாளேன்னு ஏசுனேன்கூட. வீட்டுக்கு வந்தப்பறம்தான் எம் பொஞ்சாதி சொன்னா.”

“அப்ப எடம் தெரியும்.”

மத்தியாஸ் சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“ஒருத்தர் டெனாக் கத்துறது காதுல விழுற தூரத்துல இன்னொருத்தர் வைக்கக்கூடாது தம்பி. அது எங்க பழக்கம். காதுக்கு எட்டாத தூரத்துல ஒக்காரணும்னா, எங்கேந்து விழுதுன்னு தெரிஞ்சாத்தானே முடியும்? அப்படித்தான் தெரியும். ஒளிஞ்சு பாத்து இல்ல.”

“போய் எடுத்துட்டு வாங்கண்ணே.”

“அடுத்தவங்க கூண்டத் தொடக்கூடாது தம்பி.”

“என்னண்ணே இது. அவ செத்துட்டா.”

அந்தச் சொல்லை அவன் முதன்முதலாகச் சொன்னான். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மத்தியாஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“போன வருஷம் எனக்கு நெஞ்சு வலி வந்துருச்சு. டெனாக்க அப்படியே போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். கலாதான் பாத்துச்சு. பியாவாக் வந்து தூக்கிறாம பக்கத்துலயே ஒக்காந்து கல்லு விட்டுக்கிட்டு இருந்துச்சு. அந்த ஒடும்பு சைஸ் உங்களுக்குத் தெரியாது. ஆனா கூண்டத் தொடல. தண்ணிகூட ஊத்தல. வார்டுக்குப் போன் போட்டு, அண்ணே தண்ணி ஊத்தவான்னு கேட்டுச்சு. எனக்கு மூக்குல கொழாய். நர்ஸ் ஏசுறா. ஊத்துன்னு நான் சொன்னப்பறம்தான் ஊத்துச்சு.”

“நான் சொல்றேன். ஊத்துங்க.”

“இங்கேந்து சொன்னா ஆவாது. உசுரோட இருக்கான்னே தெரியாம நான் என்னத்தக் கேக்குறது, நீங்க என்னத்தச் சொல்றது.” அவர் எழுந்தார். “போயிப் பாக்குறேன். இருந்தா போன் போட்டுக் கேக்குறேன்.”

“இல்லன்னா?”

“இல்லன்னா போன் வராது தம்பி.”

எண்ணை வாங்கிக்கொண்டு போனார். வேன் மூலையில் திரும்பும் வரை தனேஸ் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பண்டாரம் சட்டையைக் கழற்றச் சொன்னார். வேட்டி மட்டும் கட்டிக்கொண்டு, கைப்பேசியை இடுப்பில் செருகினான். நிற்கச் சொன்ன இடத்தில் நின்றான். எண்ணெய் வை என்றால் வைத்தான். ஊற்று என்றால் ஊற்றினான். குடத்திலிருந்து நீர் அவள் நெற்றியில் விழுந்து காதோரம் வழிந்தது. அவன் அந்த நீரைப் பார்த்தான்.

கைப்பேசி அடித்தது. குடம் நழுவப் பார்த்தது. யாரோ தாங்கிக்கொண்டார்கள். எடுத்தால் தாப்பாவிலிருந்து கல்லூரிக் கால நண்பன். விஷயம் கேள்விப்பட்டேன், நேரில் வர முடியவில்லை, மனசைத் தேத்திக்கோ என்றான். சரி என்று தனேஸ் வைத்தான்.

“இங்க குடுங்க மச்சான், நான் பாத்துக்குறேன்” என்று ரூபன் கைப்பேசியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான்.

அதன்பின் தனேஸின் கண் ரூபனின் பையிலேயே இருந்தது. புடவை மாற்றப் பெண்கள் திரையைப் பிடித்தார்கள். மேளம் தொடங்கியது. இந்தச் சத்தத்தில் மணி அடித்தால் கேட்குமா என்று யோசித்தான். அதிரும், ரூபனுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டான். ரூபன் அழுதுகொண்டிருந்தான். அழுகிறவனுக்குத் தெரியுமா?

ரோட்டிலிருந்து குளத்துக்கு எவ்வளவு தூரம்? நடந்துதான் போக வேண்டும். நெஞ்சு வலி வந்த மனுஷன். ஒருவேளை அவர் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டார். பார்த்துவிட்டார். அதனால்தான் போன் வரவில்லை. இந்நேரம் வெறும் கையோடு வேனுக்குத் திரும்பி நடந்துகொண்டிருக்கிறார்.

வாசலில் சவ வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு நிழலில் ஒதுங்கினார்.

“வாய்க்கரிசி போடுறவங்கள்ளாம் வரிசையா வாங்க” என்றார் பண்டாரம். “நேரம் ஆவுது.”

உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தட்டிலிருந்து அரிசியை அள்ளினார்கள். சிலர் அவள் உதட்டைத் தொடப் பயந்து கன்னத்தில் போட்டார்கள். மங்களம் அங்கேயே உட்கார்ந்து, சிதறும் மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியாகத் தனேஸ். அரிசியை அள்ளிக் குனிந்தான்.

ரூபன் அவன் தோளைத் தொட்டான்.

“மச்சான், யாரோ மத்தியாஸாம். அப்பறமா பேசிக்கலாம்லா.”

அரிசி கையிலிருந்து தட்டில் விழுந்தது. கையை நீட்டினான். பண்டாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதலில் காற்றுதான் கேட்டது. புல் உரசும் சத்தம். பிறகு ஒரு மனிதர் மூச்சு வாங்கும் சத்தம்.

“தம்பி.”

“சொல்லுங்கண்ணே.”

“தண்ணி ஊத்தவா?”

தனேஸ் கைப்பேசியைப் பிடித்தபடி தலையை ஆட்டினான்.

“கேக்குதா தம்பி? தண்ணி ஊத்தவா?”

“ஊத்துங்கண்ணே.”

புட்டியின் மூடி திருகும் ஒலி. தகரத்தில் நீர் விழும் ஒலி. அதன்பின் ஒன்றுமில்லை. அவன் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டான். ஒன்றுமில்லை. பிறகு தகரத்தில் அலகு தட்டியது. நின்றது. மறுபடி தட்டியது.

“யாரு மாப்ள?” என்று மங்களம் கேட்டாள். “என்னவாம்?”

அவன் குனிந்து கைப்பேசியை அவள் காதில் வைத்தான். முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. முகம் சுருங்கியது. பிறகு பொறுக்கிய அரிசியை மடியில் போட்டுவிட்டு, மேளச் சத்தம் கேட்காமலிருக்க மறு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

வாசலில் வண்டிக்காரர் ஹார்ன் அடித்தார். பண்டாரம் தட்டை நீட்டியபடி நின்றார். மங்களம் கைப்பேசியைத் திருப்பித் தரவில்லை.