நெளிந்த நீலக் கோடு

செவ்வாயும் வெள்ளியும் மட்டும் அவள் கோடு ஏன் நெளிகிறது? கடைப் பலகைகளில் பெயர் எழுதிப் பத்து வருடம் பழகிய கை அது. மற்ற நாட்களில் அவள் இழுக்கும் கோட்டின் மேல் எறும்பு கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம். இந்த இரண்டு நாட்களில் கோடு மண்புழு.

போன செவ்வாய், மருந்துக்கடைப் பெயருக்கு அடியில் இழுத்த ஆறடி நீலக் கோடும் அப்படித்தான் ஆனது. "வெள்ளிக்கிழமை அழிச்சுட்டு மறுபடி போடுங்க. அதுவும் நெளிஞ்சா ஸ்டிக்கர்தான். என்னோட மத்த மூணு கடைக்கும் அதேதான்" என்றுவிட்டார் கடைக்காரர்.

பஸ் ஓட்டும் கணவர் ஒரு மாதமாகவே துப்புத் துலக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் வாளி தூக்குவதால்தான் என்று வாளியைப் பிடுங்கிக்கொண்டார். துணி பிழிவதால்தான் என்று அதையும் தலையில் போட்டுக்கொண்டார். கோடு திருந்தவில்லை, அவர் தோள்பட்டைதான் வலித்தது.

வெள்ளி காலை அவள் வேறு வழி பிடித்தாள். சமையல் மேடையில் பழைய செய்தித்தாளை விரித்தாள். ஒவ்வொரு வேலைக்கும் பிறகு தூரிகையால் ஒரு கோடு. பல் தேய்த்தாள், நேர். வீடு பெருக்கினாள்; நேர். டீ குடித்தாள், ரொம்ப நேர்.

"என்ன, பரீட்சையா?"

"பேசாதீங்க, கை அசைஞ்சிடும்."

"கல்யாணமான நாள்லேர்ந்து என் பேச்சுக்கு இந்த வீட்ல எது அசைஞ்சிருக்கு?"

ஏழு மணிக்கு அக்காவின் போன். ஆஸ்பத்திரி நர்ஸ். திங்களும் வியாழனும் இரவு வேலை. முடிந்ததும் மறுநாள் காலையில் தங்கையிடம் கொட்டியாக வேண்டும்.

"அடியே, பக்கத்துப் பக்கத்துக் கட்டில் தாத்தாக்கள் ரெண்டு பேரும் பல் செட்டை மாத்திப் போட்டுக்கிட்டாங்கடி! இன்னிக்குதான் சாப்பாடு ருசியா இருக்காம், ரெண்டு பேருக்குமே!"

அவள் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து கோடு இழுத்தாள்.

மண்புழு.

"ஆஹா! உங்க அக்காதான் குற்றவாளி!" கணவர் வாளியைத் தொப்பென்று வைத்தார்.

விஷயம் எளிது. வயிறு குலுங்கச் சிரித்தால் உடம்பே தளர்ந்துபோகும். சிரிக்கும்போது கையிலிருக்கும் டம்ளர் நழுவுவது அதனால்தான். நீளக் கோட்டை இழுப்பதும் விரல் அல்ல, தோளும் மூச்சும். மூச்சு தாறுமாறானால் தோள் குலுங்கும், தோளோடு கோடும்.

போனில் அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் வேணா சோகமா பேசட்டுமாடி?" என்று மூக்கை உறிஞ்சி, தழுதழுத்த குரலில், "இன்னிக்கு... வெயில்..." என்றாள். இந்த முறை கணவரும் சிரித்துத் தரைக்கு வந்துவிட்டார்.

அக்காவை நிறுத்துவது நடக்காத காரியம். போனை வைத்துவிட்டு, சிரிப்பு இறங்கும் வரை தங்கை பெயிண்டைக் கலக்க உட்கார்ந்தாள். அதற்கு நேர்க்கோடு தேவையில்லை, பொறுமை போதும். பத்து நிமிடத்தில் ஒரு கோடு; புழு. இருபதாவது நிமிடம், தொய்ந்த நூல். அரை மணியில் இழுத்தாள்.

"ஏங்க, ஸ்கேல் எடுங்க!"

வைத்துப் பார்த்தார்கள். மயிரிழை பிசகவில்லை. இருவரும் குதித்ததில் டப்பா மூடி உருண்டோடியது. மருந்துக்கடையில் ஆறடிக் கோட்டை ஒரே இழுப்பில் முடித்தாள். கடைக்காரர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, அடுத்த கடையின் சாவியை நீட்டினார்.

அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் இதுதான் ஒழுங்கு: ஏழு மணிக்குச் சிரிப்பு, பிறகு அரை மணி நேரம் பெயிண்ட் கலக்குவது, அதற்கப்புறம்தான் கோடு.