நாலு மணிக் கட்டம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். பஸ்ஸில் காலை மிதித்தால் வரும், பால் பொங்கி வழிந்தால் வரும், பேனா எழுதாவிட்டால்கூட வரும். அப்படிப்பட்டவளுக்கு, வர வேண்டிய ஒரு நாளில் மட்டும் வராமல் போய்விட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். பள்ளிக்கூடத்தில் அல்ல, கூப்பிட்ட இடத்துக்குப் போய். தோளில் ஒரு பை, அதற்குள் நாலு மார்க்கர், நாலாக மடித்த ஒரு சார்ட். சார்ட்டில் பன்னிரண்டு கட்டங்கள். நிகழ்காலத்துக்கு நாலு, இறந்தகாலத்துக்கு நாலு, எதிர்காலத்துக்கு நாலு. அடியில் எதிர்மறைக்கும் கேள்விக்கும் தனியாக ஒரு வரிசை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானே கோடு போட்டு, கலர் அடித்துத் தயாரித்தது. அதைச் சுவரில் ஒட்டியதும் எனக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும்.

இந்த வருஷம் ஒரு பெரிய சலவைக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் வண்டி வண்டியாக வந்து இறங்குகிற இடம். ஒரு பக்கம் துவைக்கிற மெஷின்கள், எதிர்ப்பக்கம் பதினொரு டிரையர்கள். ஒவ்வொரு டிரையருக்குப் பக்கத்திலும் ஆணியில் ஒரு பரீட்சை அட்டை தொங்கும். அதில் ஒரு பேப்பர், பேப்பரில் எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று மணிக்கு ஒரு கட்டம். துணியிலிருந்து உதிர்கிற பஞ்சு, டிரையருக்குள் இருக்கும் வலையில் போய் அடையும். இரண்டு மணிக்கு ஒருமுறை மெஷினை நிறுத்தி அதை வழித்தெடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் சூட்டில் பஞ்சு பற்றிக்கொள்ளும். வழித்ததும் அந்தக் கட்டத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டது.

மேனேஜருக்குத் தொழிலாளர்கள் வைத்திருந்த பெயர் சரிசரி. எதைச் சொன்னாலும் "சரி சரி" என்பார், எதுவும் நடக்காது. முதல் நாள் என் சார்ட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்வளவு எதுக்கும்மா? இவங்க என்ன கலெக்டர் வேலைக்கா போகப்போறாங்க? இறந்தகாலம் மட்டும் போதும். சுத்தம் பண்ணேன், செக் பண்ணேன், துடைச்சேன். முடிஞ்சுது."

"எதிர்மறையும் கேள்வியும் இல்லாம எப்படிங்க? 'செய்யல'ன்னு எழுதத் தெரியணுமே."

"செய்யலைன்னு யாரு எழுதப்போறா? அதெல்லாம் சொல்லிக்கொடுத்துக் கெடுத்துடாதீங்க."

எனக்குச் சுரீர் என்றது. ஆனாலும் சார்ட்டை மடித்து இறந்தகாலத்தின் நாலு கட்டம் மட்டும் தெரிகிற மாதிரி ஒட்டினேன். அன்றைக்கே அதைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும்.

வகுப்பு மூன்று வாரம், வேலை முடிந்தபின், மடித்த விரிப்புகள் அடுக்கியிருக்கிற அறையில். பதினாலு பெண்கள், இரண்டு ஆண்கள். முதல் வரிசையில் டிரையர் அக்கா. மூன்றாம் நம்பர் டிரையரில் பத்தொன்பது வருஷம். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே.

"டீச்சர், கிளீன் கிளீன்ட் ஆச்சு, வாஷ் வாஷ்ட் ஆச்சு. கோ மட்டும் எப்படி வென்ட் ஆச்சு? கோ எங்க போச்சு?" என்று ஒருநாள் கேட்டார்.

"அது அப்படித்தான் அக்கா, மனப்பாடம் பண்ணிக்கணும்."

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். கேட்டா அது அப்படித்தான்னுவார்."

அறையே சிரித்தது. இவர்களுக்கு மண்டையில் ஏறாது என்று மேனேஜர் என்னிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஏறாதாமே! துவைச்சேன், துவைச்சிருக்கேன், துவைச்சுட்டு இருந்தேன், துவைச்சிருந்தேன் என்று நாள் முழுக்கப் பேசுகிறவர்களுக்குக் காலம் புரியாதா? என் பன்னிரண்டு கட்டமும் அவர்கள் வாயில் முன்பே இருந்தது. அதற்கு ஆங்கிலச் சட்டை மாட்டிவிடுவதுதான் என் வேலை. டிரையர் அக்கா மூன்றே வாரத்தில் இறந்தகாலத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார்.

கடைசி வாரம் ஒருநாள் வருகைப்பதிவில் கையெழுத்து வாங்கக் காலை ஏழு மணிக்கே போயிருந்தேன். மெஷின் எதுவும் ஓடவில்லை. எல்லோரும் தங்கள் டிரையர் முன்னால் நின்று மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். டிரையர் அக்காவின் அட்டையை எட்டிப் பார்த்தேன். எட்டு மணி, ஃபில்டர் வாஸ் கிளீன்ட். பத்து மணி, ஃபில்டர் வாஸ் கிளீன்ட். சாயங்காலம் நாலு மணிக் கட்டம் வரைக்கும் கிளீன்ட்.

"என்னக்கா, இப்பவேவா?"

"கை காஞ்சிருக்கும்போதே எழுதிடணும் டீச்சர். மெஷின் ஓட ஆரம்பிச்சா நாள் பூரா கை ஈரம். பேனாவைத் தொட்டாலே பேப்பர் கிழிஞ்சிடும். போன வருஷம் நாலு பேப்பர் கிழிஞ்சுதுன்னு சரிசரி கத்தினாரு. அன்னையிலேருந்து ஏழேகாலுக்குள்ள எல்லாக் கட்டமும் நிரம்பணும்னு அவரே நின்னு பாத்துட்டுத்தான் சுவிட்சைப் போட விடுவாரு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். பன்னிரண்டு மணிக் கட்டத்தில் 'கிளீன்ட்' என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. பேனாவை வாங்கி அதைத் திருத்திக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். நடக்காததை நடந்ததாக எழுதியிருக்கிறார்களே என்று எனக்கு உறைக்கவே இல்லை. காலங்களைக் கட்டம் போட்டு விற்கிறவள் கண்ணில் பட்டது ஒரே ஓர் எழுத்து!

வகுப்பு முடிந்து ஒரு மாதம் இருக்கும். மூன்றாம் நம்பர் டிரையர் தீப்பிடித்தது என்று செய்தி வந்தது. யாருக்கும் காயம் இல்லை. மெஷின் கருகிவிட்டது, கூரையில் ஒரு பக்கம் போய்விட்டது. மறுநாள் மேனேஜரிடமிருந்து எனக்கு போன்.

"ஒரு சின்ன லெட்டர் வேணும்மா. அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க, எழுத, புரிஞ்சுக்க நல்லாத் தெரியும், தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டிருக்காங்கன்னு. விசாரணைக்கு நேர்லயும் வந்துடுங்க."

"எந்த அம்மா?"

"அதான், தீ வச்சவ."

நான் போனை வைத்துவிட்டு நேரே டிரையர் அக்கா வீட்டுக்குப் போனேன். ஓர் அறையும் சமையல் மூலையும். இடுப்பு ஒடிந்து கட்டிலில் கிடக்கும் வீட்டுக்காரருக்குத் தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

"பத்து மணிக்கு வலையை வழிக்க நிறுத்தப் போனேன் டீச்சர். 'நிறுத்தாத, ஆஸ்பத்திரி வண்டி நிக்குது, ஓடட்டும்'னு சரிசரிதான் சொன்னாரு. பதினொண்ணு நாப்பதுக்குப் புகை வந்துச்சு. இப்ப நான் பொய் எழுதி ஏமாத்தினேனாம். வேலையை விட்டு எடுத்து, தீக்குக் காரணம் இவதான்னு பேப்பர்ல போட்டுக் குடுத்துடுவாங்க. அதுக்கப்புறம் எந்தச் சலவைக்கூடம் என்னை உள்ள விடும்?"

அவர் அழவில்லை. வெளியே வந்து தெருமுனை வரைக்கும் அந்த மேனேஜரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நடந்தேன். அந்தத் திட்டில் பாதி எனக்கும் சேர வேண்டியது.

விசாரணை காலை பத்து மணிக்கு, மாடியில் மேனேஜர் அறையில். தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்திருந்தார். மூக்குக் கண்ணாடி, அதிகம் பேசாத வாய். மேஜைமேல் ஒரு கோப்பு. அதற்குள் வேலைநீக்கக் கடிதம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது, கையெழுத்துத்தான் பாக்கி. டிரையர் அக்காவை நிற்க வைத்திருந்தார்கள். நான் என் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

மேனேஜர் தீப்பிடித்த நாளின் பேப்பரை எடுத்து நீட்டினார்.

"பாருங்க மேடம். பதினொண்ணு நாப்பதுக்குத் தீ. இந்தம்மா பன்னெண்டு, ரெண்டு, நாலுன்னு எல்லாத்துலயும் சுத்தம் பண்ணதா எழுதியிருக்கு. எரிஞ்சுபோன மெஷினை எப்படிம்மா சுத்தம் பண்ணே? எவ்வளவு துணிச்சல்! இங்கிலீஷ் தெரியாம எழுதிட்டேன்னு தப்பிக்கவும் முடியாது. டீச்சரே சொல்லட்டும்."

"தெரியும். என் வகுப்புல அவங்கதான் முதல்" என்றேன். மேனேஜர் முகம் மலர்ந்தது. "இங்க எல்லாரும் காலை ஏழு மணிக்கே நாள் பூராவுக்கும் எழுதுறாங்கன்னும் தெரியும். என் கண்ணால பாத்தேன். எழுத வச்சவர் நீங்க. மெஷினை நிறுத்த விடாதவரும் நீங்க!"

"அப்படி ஒரு வழக்கமே இங்க இல்ல மேடம். இவங்க வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து போனவங்க. மத்தவங்க எல்லாரும் வேலையை முடிச்சுத்தான் எழுதுறாங்க. இந்த ஒரு ஆள்தான் ஏமாத்து."

"அன்னைக்கு மத்த பத்து பேர் எழுதினது எங்க?" என்று அதிகாரி அம்மா கேட்டார்.

"தீயை அணைக்க அடிச்ச தண்ணியில நனைஞ்சு போச்சு மேடம்."

எரிந்த மெஷினுக்குப் பக்கத்திலேயே தொங்கிய பேப்பர் எரியவும் இல்லை, நனையவும் இல்லையாம். தள்ளித் தொங்கியவை எல்லாம் நனைந்து போயினவாம்! பொய் சொல்வதற்குக்கூட இந்த மனிதர் சோம்பேறி. நான் மேஜையைத் தட்டிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று சரியாக நினைவில்லை. அதிகாரி அம்மா, "சாட்சி வேணும்மா, சத்தம் வேண்டாம்" என்று ஒரே போடாகப் போட்டார். அவர் பேனா மூடியைத் திறந்து கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

அப்போதுதான் டிரையர் அக்கா பேசினார்.

"மணி என்ன ஆச்சு மேடம்?"

"பத்து இருபது. ஏன்?"

"கொஞ்சம் கீழ வாங்க. இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு என்ன நடந்துச்சுன்னு காட்டுறேன்."

அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். பிறகு எழுந்தார். மேனேஜர் "அங்க சூடா இருக்கும் மேடம், வேண்டாம் மேடம்" என்று படிக்கு முன்னால் போய் நின்றார். அவரைச் சுற்றிக்கொண்டு நாங்கள் இறங்கினோம்.

கூடத்தில் பத்து டிரையர்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றாம் நம்பர் அட்டையை அதிகாரி அம்மா ஆணியிலிருந்து எடுத்தார். நாலு மணிக் கட்டத்தை உரக்கப் படித்தார். ஃபில்டர் வாஸ் கிளீன்ட். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாம் நம்பரும் அதேதான். மூன்றாம் நம்பர் அங்கேதான் நின்றது, கருகிப்போய், கதவு தொங்கிக்கொண்டு, குறுக்கே சிவப்பு நாடா கட்டப்பட்டு. ஆணியில் புது அட்டை, புதுப் பேப்பர், இன்றைய தேதி. ஏழேகாலுக்குள் எல்லா அட்டையும் நிரம்ப வேண்டும் என்பது உத்தரவு அல்லவா? யாரோ அதையும் நிரப்பியிருந்தார்கள். எரிந்துபோன மெஷின் இன்று சாயங்காலம் நாலு மணிக்கும் சுத்தம் செய்யப்பட்டிருந்தது.

விசாரணை நாளில்கூட இதை நிறுத்தி வைக்க மேனேஜருக்குத் தோன்றவில்லை. அவ்வளவு பழகிப்போயிருந்தது. அதிகாரி அம்மா திரும்பிப் பார்த்தார்.

"சரி... சரி..." என்றார் மேனேஜர். துணி மடிக்கிற மேஜைப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பதினொரு அட்டைகளையும் அதிகாரி அம்மா தன் கையாலேயே சேகரித்தார். கோப்பிலிருந்த வேலைநீக்கக் கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்து, கிழிந்ததையும் கோப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டார். "நாளைக்கு நீங்க தலைமை அலுவலகத்துக்கு வாங்க" என்று மேனேஜரிடம் சொன்னார். பிறகு டிரையர் அக்காவைப் பார்த்தார்.

"அன்னைக்கு நடந்ததை நடந்தபடி எழுதிக் குடுங்கம்மா. எந்த மொழியில வேணும்னாலும் எழுதலாம்."

டிரையர் அக்கா அதற்குள், கீழே விழுந்து கிடந்த ஓர் ஈர விரிப்பை எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷப் பழக்கம், கை சும்மா இருக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

"இங்கிலீஷ்லயே எழுதுறேன் மேடம். அதுலதானே என்னை மாட்டிவிட்டாங்க."

மடிப்பு மேஜைமேல் பேப்பரை வைத்தார். தேதியை எழுதினார். பத்து மணி என்று எழுதினார். பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை, உண்மையாகவே சந்தேகம் கேட்கிற முகம்.

"டீச்சர், 'நான் சுத்தம் பண்ணல, அவர் நிறுத்த விடல'ன்னு எப்படி எழுதுறது? அதை மட்டும் நீங்க சொல்லியே தரலையே."

பத்து டிரையர்களும் ஓடிக்கொண்டிருந்தும் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. மேனேஜரின் மேல் இருந்த கோபம் எல்லாம் திரும்பி வந்து என் மேலேயே விழுந்தது. "செய்யலைன்னு யாரு எழுதப்போறா" என்று அவர் கேட்டார். சரி என்று சார்ட்டை மடித்தவள் நான்.

பக்கத்தில் போய் நின்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். ஐ டிட் நாட். அவர் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். கை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. பேப்பர் கிழியவில்லை.