அம்மன் காலடியில் சிகிச்சைப் புத்தகம்

மூன்றாவது தேயிலை நிரை முடிவதற்குள் யோகேஸ்வரியின் கையிலிருந்து கொழுந்து வெட்டும் மெஷின் நழுவியது. மறுபக்கம் பிடித்திருந்த சுபத்ரா சட்டென்று நிறுத்தியிராவிட்டால், கத்தி முழங்காலைப் பதம் பார்த்திருக்கும்.

கங்காணி வேலப்பன் மேட்டிலிருந்து இறங்கி வந்தார்.

"இந்த மாசம் இது மூணாவது தடவ. நோவு போயி ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் என்னா சாக்கு? நாளைக்குப் புருஷனோட ஆபீசுக்கு வா. ஒனக்கு வேல உண்டா இல்லையான்னு கிராணி சொல்லட்டும்."

யோகேஸ்வரி குனிந்து மெஷினை எடுத்தாள். விரல் மரத்துப் போகிறது என்றால் குளிர் என்பார்கள். மூச்சு வாங்குகிறது என்றால் உடம்பு போட்டுவிட்டது என்பார்கள். பட்டப்பகலில் தூக்கம் கண்ணை இழுக்கிறது என்றால் இருக்கவே இருக்கிறது, சோம்பேறிப் பட்டம். கழுத்திலும் நெஞ்சிலும் கட்டியாக வந்த நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஊசி மருந்தும் கதிர்வீச்சு வைத்தியமும் எடுத்துக் குணமானவள் அவள். குணமானவளுக்கு என்ன குறை என்பதுதான் தொழிலாளர் லயம் முழுக்கப் பேச்சு.

வீட்டிலும் அதே பாட்டுத்தான். கணவன் குகனேஸ்வரன் எஸ்டேட் லோரி ஓட்டுபவன். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய்வரலாம் என்று அவள் கேட்டபோதெல்லாம் அவன் முகம் கடுகடுத்தது. பால்குடம் எடுத்து, மொட்டை போட்டு நேர்த்திக்கடனை முடித்தாயிற்று. மறுபடியும் போய்ச் சோதித்தால் அம்மனை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்பது அவன் கட்சி. கடன் முடித்த அன்று, இனி இது வேண்டாம் தாயே என்று அவளுடைய சிகிச்சைப் புத்தகத்தையும் மாரியம்மன் காலடியில் வைத்துவிட்டான். அன்று அவளும் பக்கத்தில் நின்று கும்பிட்டவள்தான். அதை நினைக்கும்போது தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் ஆபீஸ் படியேறும்போதே அவளுக்கு நெஞ்சு அடைத்தது. அவள் முகத்தைப் பார்த்த எஸ்டேட் கணக்கர் கிராணி, வேலையைப் பிறகு பேசலாம், முதலில் கிளினிக் போங்கள் என்று அனுப்பிவிட்டார்.

கிளினிக் டாக்டரம்மா நெஞ்சைச் சோதித்தார், ரத்தம் எடுத்தார், பழைய சிகிச்சைப் புத்தகத்தைக் கேட்டார். அது கோயிலில் இருக்கிறது என்று குகனேஸ்வரன் தயங்கிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். கழுத்தில் கதிர் பட்டால் தைராய்டு சுரப்பி பல வருஷம் கழித்தும் மந்தமாகலாம். சில மருந்துகள் இருதயத்தையும் நரம்பையும் பாதிக்கலாம். என்ன மருந்து, எவ்வளவு என்று தெரிந்தால்தான் மேலே பார்க்க முடியும் என்று விளக்கினார்.

இருவரும் நேராகக் கோயிலுக்குப் போனார்கள். பூசை செய்யும் பண்டாரம் தகரப் பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினார். சாமிக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கலாமா என்று குகனேஸ்வரன் கை பின்வாங்கியது.

"அம்மாவா கேட்டா? நீயாத்தானே கொண்டாந்து வெச்ச," என்றார் பண்டாரம். "எலி கடிக்காம பாத்துக்கிட்டேன். அவ்வளவுதான் நம்ம வேல."

யோகேஸ்வரி வாங்கிப் பிரித்தாள். கடைசிப் பக்கத்தில், கழுத்துச் சுரப்பியையும் இருதயத்தையும் வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று மலாய் மொழியில் எழுதியிருந்தது. கீழே ஆறு கட்டங்கள். ஆறும் காலி.

"நான் பொழச்சத ஊரே கொண்டாடுனீங்க," என்றாள் யோகேஸ்வரி. குரல் உயரவில்லை. "பொழச்சவ எப்படி இருக்கான்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

குகனேஸ்வரன் அவள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு கிளினிக் பக்கம் நடந்தான்.

மறுவாரம் ரத்தச் சோதனை முடிவு வந்தது. தைராய்டு பாதிதான் வேலை செய்தது. மாத்திரையும், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் இருதயச் சோதனைக்குத் தேதியும் கொடுத்தார்கள். குகனேஸ்வரன் டாக்டரம்மாவின் கடிதத்தோடு கங்காணியிடம் போய், மெஷின் வேலை வேண்டாம், அவளை நாற்று மேடை வேலையில் போடுங்கள் என்று கேட்டான்.

"அதான் நோவு எப்பவோ போயிருச்சேப்பா," என்று இழுத்தார் வேலப்பன்.

"நோவு போனா வைத்தியம் முடிஞ்சிராதுண்ணே. அந்த மருந்தும் கதிரும் ஒடம்புல விட்டுட்டுப் போனத வருஷா வருஷம் பாக்கணும். அதச் சோம்பேறித்தனம்னு சொன்ன மொத ஆளு நாந்தான். ரெண்டாவது ஆளு நீங்க."