சுவிட்ச் மன்னர் அணைத்த சூப்

எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் அந்த வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி. வெளியே கிளம்பும்போது கண்ணில் படுகிற சுவிட்சையெல்லாம் அணைத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். குளிக்கிற ஆளை இருட்டில் விட்டுப் போன நாளும் உண்டு. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சுவிட்ச் மன்னர்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. இத்தனை வருஷமும் காலை ஷிப்ட். இப்போது மாலை ஷிப்டுக்குப் பொறுப்பாளராக வரும்படி மேலாளர் கேட்டிருந்தார். போர்வை மடித்தே காலம் தள்ளியவளுக்கு ஒரு கூட்டத்தையே கட்டி மேய்க்கிற பதவி. ஆசை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆனால் அந்த ஷிப்டுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. கணவர், வேலைக்குப் போகும் மகள், கல்லூரியில் படிக்கும் மகன் என்று மூன்று பேர். வெந்நீர் வைக்கச் சொன்னால்கூடப் பாத்திரம் எங்கே என்று கேட்கிற ஜென்மங்கள். இவர்களை நம்பி எப்படிப் போவது?

அதனால் யாரிடமும் மூச்சு விடாமல் ஒரு சோதனை வைத்தாள். மாலை ஷிப்டில் ஒருத்தி லீவு போட்ட நாளில், அவளுக்குப் பதிலாக நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். கிளம்பும் முன் சூப்புக்காக ஊறவைத்த பார்லி, பருப்பு, கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு எல்லாவற்றையும், கரண்டில் மணிக்கணக்காக மெல்ல வேகவைக்கிற ஸ்லோ குக்கரில் போட்டு, தண்ணீர் ஊற்றி, சுவிட்சைத் தட்டினாள். யாரும் தொட வேண்டாம், தானாக வேகும். சாயங்காலம் மூன்று பேரும் சூடாகச் சாப்பிட்டிருந்தால் மேலாளரிடம் சரி என்று சொல்வாள். இல்லாவிட்டால் பழையபடி காலை ஷிப்ட்தான். அன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டும்.

டீ குடிக்கிற நேரத்தில் வீட்டுக்குப் போன் போட்டாள். மகள் எடுத்தாள்.

"சூப் எப்படிடி வந்திருக்கு?"

"அது... இருக்கும்மா."

"இருக்குன்னா?"

பின்னால் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. "நீ வேலையப் பாரும்மா," என்று மகள் போனை வைத்துவிட்டாள். மேலாளர் அந்தப் பக்கம் வந்தபோது, வீட்டுக்குப் போய்ப் போன் செய்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தாள்.

கதவைத் திறந்ததுமே தீய்ந்த வாடை. அடுப்பின் மேல் பெரிய சட்டி, ஒரு பக்கம் கருகிக் கிடந்தது. ஸ்லோ குக்கர் காலியாக ஓரத்தில் இருந்தது. மேடை முழுக்க வெங்காயத் தோல். மூன்று பேரும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன கூத்து இது?"

மகன் கண்ணாலேயே அப்பாவைக் காட்டினான்.

"மத்தியானம் ஸ்க்ரூ டிரைவர் எடுக்க வந்தேன்," என்றார் மன்னர், தலையைக் குனிந்தபடி. "போகும்போது கை தானா போயிடுச்சு. சாயங்காலம் வந்து பாத்தா எல்லாம் பச்சையா மிதக்குது."

"சட்டியில கொட்டி அடுப்புல வச்சோம்," என்றாள் மகள். "இவன் வெங்காயம் வதக்கினான். கிளறுன்னு அப்பாகிட்ட கரண்டியைக் குடுத்தா, போன் பேசிக்கிட்டே அடி பிடிக்க விட்டுட்டாரு."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலாம்ல?"

"உன்கிட்ட சொன்னா நீ வேலையப் போட்டுட்டு ஓடி வந்துடுவ."

அவளுக்கென்று ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்திருந்தார்கள். உட்கார்ந்து சாப்பிட்டாள். உப்புப் பற்றவில்லை. உருளைக்கிழங்கு கரைந்தே போயிருந்தது. ஆனால் எல்லாம் வெந்திருந்தது. தன்னை யாரும் தேடவில்லை என்று ஒரு நிமிஷம் மனசுக்குள் சுருக்கென்றது. நான் இல்லாவிட்டால் இந்த வீடு பட்டினி கிடக்கும் என்று இத்தனை நாள் நினைத்தாளே, அந்த நினைப்பு போனதில் வருத்தமும் இருந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோஷமும் இருந்தது.

கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

"சார், நான்தான். மாலை ஷிப்டுக்கு வர்றேன் சார். ஆமா, வீட்டுல பிரச்சனை இல்ல."

மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

"எந்த ஷிப்ட்டு? தினமுமா?" என்றார் கணவர். "அப்போ நாளைக்குச் சாப்பாடு?"

"சட்டி அடி பிடிச்சுக் கிடக்கு," என்றாள். "முதல்ல அதை ஊற வைங்க."